பிழைக்காசும் வண்ணக்கன் நோட்டமும்

தெற்கு நோக்கி இறங்கிவரும் காவிரி, கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது. அத்திருப்பத்திற்குக் கீழே நொய்யலும், கரூரைக் கடந்தபின் அமராவதியும் அதனோடு கலக்கின்றன. இம்மூன்று ஆறுகளும் சூழ்ந்த நிலப்பரப்பு, தமிழக நாணய வரலாற்றில் தனியிடம் பெற்றது. நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் 1985ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்ற அகழாய்வுகள், பதிற்றுப்பத்தில் அணிகலன்களுக்குப் பெயர்பெற்ற ஊராகச் சுட்டப்பெறும் கொடுமணத்தின் மணித்தொழிலை வெளிக்கொணர்ந்தன. அமராவதிக் கரையிலுள்ள கருவூர், சேரர் காசுகள் மிகுதியாகக் கிடைத்த ஊர். இரண்டுக்கும் இடையே புகலூர் ஆறுநாட்டான் மலையில், கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் சமணத் துறவியர்க்குப் படுக்கை அமைத்துக் கொடுத்ததைத் தமிழ் பிராமிக் கல்வெட்டு கூறுகிறது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 522 உரோமானிய வெள்ளிக் காசுகளும், உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் 1946இல் 1,398 வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் இரு பேரரசர் காலத்தவை அவை.

காசு புழங்கிய நாட்டில் காசைச் சோதிக்கும் கண்ணும் இருந்தாக வேண்டும். அக்கண்ணுக்கு உரியவனை வண்ணக்கன் என்று பழந்தமிழ் வழங்கிற்று. பொன், மணி, நாணயம் ஆகியவற்றை நோட்டம் பார்ப்பவன் என்பது அச்சொல்லின் பொருள். பிட்டங்கொற்றனைப் புறநானூற்றில் பாடிய வடம வண்ணக்கன் தாமோதரனாரும், நற்றிணைப் புலவர் விற்றூற்று வண்ணக்கன் தத்தனாரும் இத்தொழிற்பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர்கள். ஈரோடு மாவட்டத்து அறச்சலூர் நாகமலையில் புலவர் செ. இராசு வெளிப்படுத்திய கல்வெட்டோ, தேவன் சாத்தன் என்னும் மணிய வண்ணக்கன் ஒருவன் எழுத்துகளை இணைத்து அமைத்தான் என்று சொல்கிறது. சொல்லைத் தேர்ந்தவர்களும் காசைத் தேர்ந்தவர்களும் ஒருவராகவே இருந்தனர் என்பது கொங்கு நாட்டவர்க்கு வெறும் உவமையன்று; கல்லில் வெட்டப்பட்ட செய்தி.

அந்த வண்ணக்கன் முன் இன்று ஒரு விந்தைக் காசை வைத்தால் அவன் என்ன கேட்பான்? எழுத்து தலைகீழாக நிற்கிறது. அல்லது உருவம் இரண்டாகத் தெரிகிறது. அல்லது ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் அதே உருவம் குழியாகவும் இருக்கிறது. இஃது அக்கசாலையில் நேர்ந்த மெய்யான பிழையா, பின்னர் ஒருவர் கைவைத்ததன் விளைவா? இக்கேள்விக்கு விடை கூறும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

வாசியும் பிழையும்

சந்தையின் கேள்வி வேறு, வரலாற்றின் கேள்வி வேறு என்பதை முதற்கண் தெளிந்துகொள்ளல் வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகள் ‘அன்றாடு நற்காசு’ என்றும் ‘தீப்போக்குச் செம்பொன்’ என்றும் கூறுவன, காசின் தரத்தையும் செலாவணித் தகுதியையும் பற்றியவை. கொங்குக் கல்வெட்டுகளில் வரும் ‘பழஞ்சலாகை அச்சு’ என்பதும் அத்தகைய வழக்கே. திருவீழிமிழலையில் ஞானசம்பந்தர் பெற்ற படிக்காசுக்கு வாசி கேட்கப்பட்டதும், அவர் பதிகம் பாடி அவ்வாசி தீர்ந்ததும் பெரியபுராணம் கூறும் வரலாறு. வாசி என்பது குறைபட்ட காசுக்கு வணிகர் பிடித்துக்கொள்ளும் வட்டம். கொடுமுடியையும் பாடிய அப்பெருமானின் வரலாற்றில், காசின் குறை ஒரு நகரத்து அடியார்களின் உணவோடு தொடர்புபட்டு நின்றது. மாற்றும் எடையும் சரியாயின் சந்தைக்குப் போதும். உருவம் சற்றுக் கோணியிருந்தால் வணிகன் அதைப் பொருட்படுத்தான்.

வரலாற்று ஆய்வாளனுக்கோ அக்கோணலே முதன்மையான சான்று ஆகலாம். அது காசு அடித்தவனின் கை எவ்வாறு இயங்கிற்று என்பதைக் காட்டும். ஆனால் அக்கோணல் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்று நிறுவப்படும் வரை, அஃது எதற்கும் சான்றாகாது.

மூன்று பிறப்பிடங்கள்

பழைய முறையில் காசு அடிப்பதற்கு இரண்டு அச்சுகள் வேண்டும். கீழச்சு பட்டறைக்கல்லில் பதிக்கப்பட்டிருக்கும். மேலச்சைக் கையில் பிடித்து, இரண்டுக்கும் இடையே வெற்று வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடிப்பர். எனவே பிழை மூன்று இடங்களில் பிறக்கலாம்: வில்லையைச் செய்யும்போது, அச்சை வெட்டும்போது, அடிக்கும்போது. இம்மூன்றும் அக்கசாலைக்கு உள்ளே நிகழ்வன. அக்கசாலையை விட்டு வெளிவந்த பின் நேர்ந்த எதுவும், எவ்வளவு விந்தையாக இருப்பினும், அக்கசாலைப் பிழை ஆகாது.

இம்மூன்றையும் பிரித்தறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. அச்சில் உள்ள பிழை அவ்வச்சிலிருந்து பிறந்த எல்லாக் காசுகளிலும் மீண்டும் மீண்டும் தோன்றும். வெட்டுபவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் அவ்வெழுத்து நூறு காசுகளிலும் இராது. அச்சில் கீறல் விழுந்தால் அக்கீறல் ஒவ்வொரு காசிலும் மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். அடியில் நேர்ந்த பிழையோ அந்த ஒரு காசுக்கே உரியது. உருவம் ஓரத்திற்கு விலகுவதும், இரண்டாம் அடி முதலடியின்மேல் சற்றுத் திரும்பி விழுவதும் ஒரே அளவில் ஒரே கோணத்தில் இருமுறை நிகழ்வதில்லை. ஆகவே ஒரே விலகலும் விளிம்பில் ஒரே பிளவும் கொண்ட இரண்டு காசுகள் கிடைக்குமாயின், அவை அடிக்கப்பட்டவை அல்ல. ஒரு மூலக்காசிலிருந்து வார்ப்பச்சு எடுத்து ஊற்றப்பட்டவை. உருக்கிய உலோகத்தில் சிக்கிய காற்றின் நுண்ணிய குழிகளும், விளிம்பைச் சுற்றி ஓடும் பொருத்துக் கோடும், கூர்மை இழந்த எழுத்துகளும் அம்முடிவுக்குத் துணை நிற்கும்.

ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாகிய காசு, பிழைகளுள் மிகவும் வியப்பூட்டுவது. நாணயவியலார் இதனைப் ‘பிராக்கேஜ்’ என்பர். அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டு விடுகிறது. அடிப்பவன் அதைக் கவனியாமல் அடுத்த வில்லையை வைத்து அடிக்கிறான். புதிய வில்லையின் அடிப்பக்கத்தில் கீழச்சு வழக்கம்போல் பதிகிறது. மேற்பக்கத்திலோ மேலச்சு படாமல், ஒட்டியிருக்கும் காசின் மேட்டுருவம் குழியாகவும் இடவல மாற்றமாகவும் பதிந்துவிடுகிறது. கீழச்சில் காசு ஒட்டினால் அது கண்ணெதிரே கிடக்கும். மேலச்சில் ஒட்டியது கைக்கு அடியில் மறைந்திருக்கும். பழங்காசுகளில் இவ்வகைப் பிழை பெரும்பாலும் கீழச்சின் உருவத்தையே இருபுறமும் காட்டுவதற்குக் காரணம் இதுவே.

இப்பிழையை இடுக்கியில் இரண்டு காசுகளை வைத்து நெருக்கியும் உண்டாக்கலாம். ஆனால் அவ்வாறு செய்ததில், குழிக்கு அடியில் பழைய மறுபக்க உருவத்தின் சுவடு எங்கேனும் தங்கிவிடும். எதிர்ப்பக்கம் இடுக்கியின் தாடையில் நசுங்கித் தட்டையாகியிருக்கும். மெய்ப்பிழையில் மேலச்சின் சுவடு அறவே இராது. ஒட்டிய காசு அடுத்தடுத்த அடிகளால் விரிந்துகொடுத்திருந்தால், குழியுருவம் மேட்டுருவத்தைவிடச் சற்றுப் பெரிதாகவும் காணப்படும். பொய் செய்பவன் தோற்றத்தை மட்டும் பின்பற்றுகிறான். தோற்றத்தை உண்டாக்கிய நிகழ்ச்சியின் வரிசையைப் பின்பற்ற அவனால் இயலுவதில்லை.

ஆற்றுமணலில் கிடைக்கும் காசுகளில் எழுத்து ஒன்று காணாமற்போயிருந்தால் அதற்கும் இவ்வாறே விடை தேட வேண்டும். தேய்வு மேடான இடங்களை எல்லாம் ஒருசேரத் தின்னும். அச்சின் பள்ளத்தில் அழுக்கோ எண்ணெய்ப் பசையோ அடைத்திருந்தால், அந்த ஓர் எழுத்து மட்டும் மங்கி, அருகிலுள்ளவை கூர்மையாக நிற்கும். முன்னது காலத்தின் வேலை. பின்னது அக்கசாலையின் பிழை.

பிழைபோல் தோன்றுவன

பிழை என்று எண்ணத்தக்க சில, உண்மையில் வேண்டுமென்றே செய்யப்பட்டவை. புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் கிடைத்து, ஜி. எஃப். ஹில் என்பவரால் 1898இல் ஆராய்ந்து வெளியிடப்பட்ட புதையலில் 501 உரோமானியப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு ஒன்று ஆழமாக விழுந்திருந்தது. தனியே ஒரு காசு மட்டும் கிடைத்திருந்தால் அதனை அச்சின் குறை என்றோ விபத்து என்றோ ஒருவர் கூறியிருக்கக்கூடும். அடுக்கடுக்காக ஒரே இடத்தில் ஒரே வெட்டு விழுந்திருப்பதால் அது கருதிச் செய்த செயல் என்பது உறுதியாகிறது. தேய்ந்த காசுகளைச் செலாவணியிலிருந்து விலக்கவே அவ்வாறு வெட்டினர் என்பது அதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

மற்றொரு சான்று கொங்கு நாட்டுக்கு நெருக்கமானது. 1799 வரை இப்பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்பு சுல்தான் 1787இல் மவ்லூதி என்னும் புதிய ஆண்டுக் கணக்கைப் புகுத்தியபோது, காசுகளில் ஆண்டின் எண்களை வலமிருந்து இடமாகப் பொறிக்கச் செய்தார். எனவே 1215ஆம் ஆண்டு, பழகிய முறையில் படிப்பவர்க்கு 5121 என்று தோன்றும். அவருடைய அக்கசாலைகளுள் ஒன்றான சலாமாபாத், சத்தியமங்கலமே என்று நாணயவியலார் கொள்கின்றனர். இக்காசைக் கண்ட ஒருவர் ‘எண் தலைகீழாக விழுந்த அரிய பிழை’ என்று மகிழ இடமுண்டு. உற்று நோக்கினால் மயக்கம் தீரும். எண்களின் வரிசைதான் மாறியிருக்கிறது. ஒவ்வோர் எண்ணின் வடிவமும் நேராகவே இருக்கிறது. பாரசீக எழுத்துகளிலும் மாற்றமில்லை. அச்சைத் திருப்பி வெட்ட மறந்தவன் செய்த பிழையாயின், வரிசையோடு வடிவமும் கண்ணாடியில் கண்டதுபோல் புரண்டிருக்கும். திப்புவின் காசில் இருப்பது அரசாணை.

தமிழகத்தில் கிடைத்த உரோமானிய வெள்ளிக் காசுகளுக்கு இடையே, அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளைப் பார்த்துச் செய்த போலிகளும் உண்டு. அவற்றில் இலத்தீன் எழுத்துகள் குழம்பி, பொருளற்ற கோடுகளாக நிற்கும். மூலக் காசுகளை அடித்த கால் நாட்டு அக்கசாலையின் பிழையன்று அது. அவ்வெழுத்தை அறியாத வேறொரு கை, வேறொரு பட்டறையில் செய்த வேலை. இதற்கு நேர்மாறாகக் கருவூர்ப் பகுதியில் கிடைத்து, இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்ட ‘மாக்கோதை’ வெள்ளிக் காசு, உரோமானியப் பேரரசரின் தலையுருவ அமைப்பைத் தழுவியிருப்பினும், தமிழ் பிராமியில் சேரன் பெயரைப் பிழையின்றித் தாங்குகிறது. எழுத்து சரியாக நிற்பதனாலேயே அது குறைபட்ட உரோமானியக் காசாகாமல் சேரனின் சொந்தக் காசாகிறது. பிழையையும் பிழையின்மையையும் சரியாகப் பிரிப்பதில் ஓர் அரசகுலத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது என்பதற்கு இவ்விரண்டும் போதிய சான்று.

ஏரண் காசின் வழக்கு

ஒரு காசின் விந்தைமேல் ஒரு பெருங்கொள்கையே கட்டப்பட்ட வரலாறும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் சாகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஏரண் என்னும் பழம்பதியில் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் ஒரு காசைக் கண்டெடுத்தார். தருமபாலன் என்னும் அரசன் பெயரைப் பிராமி எழுத்தில் கொண்ட அதில், எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடின. 1891இல் வெளிவந்த பண்டை இந்திய நாணயங்கள் பற்றிய தம் நூலில் அவர் அதனை விவரித்தார். ஜெர்மானிய அறிஞர் கியோர்க் பியூலர், 1895இல் வெளியிட்ட பிராமியின் தோற்றம் பற்றிய ஆய்வில் இக்காசைத் தம் கொள்கைக்குத் துணையாக நிறுத்தினார். பிராமி ஒருகாலத்தில் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது. ஆகவே அது செமிட்டிக் எழுத்திலிருந்து பிறந்தது. அப்பழைய வழக்கின் எச்சமே ஏரண் காசு என்பது அவர் வாதம்.

மறுப்பு விரைவிலேயே எழுந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகளைப் பதிப்பித்து, தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களை உலகறியச் செய்த ஹுல்ட்ஷ், பியூலரின் நூலை ஆங்கிலத்தில் தந்த ஃபிளீட் ஆகியோர், இஃது அச்சு வெட்டியவனின் பிழையாகலாம் என்றனர். அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்டினால்தான் காசில் நேராக விழும். அதை மறந்து நேராக வெட்டிவிட்டால், காசில் வரிசை முழுவதும் திரும்பி விழும். ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு எழுத்தின் பிறப்பிடத்தை முடிவு செய்யலாமா என்பதே வழக்கு.

இங்கே வண்ணக்கனின் நோட்டம் ஓர் எல்லையைக் காண்கிறது. திப்புவின் காசில் வரிசை மட்டும் மாறியிருந்ததால் கருத்தையும் பிழையையும் பிரிக்க முடிந்தது. வலமிருந்து இடமாக எழுதும் வழக்குடையவன், எழுத்தின் முகத்தையும் அத்திசைக்கே திருப்பி எழுதுவது இயல்பு. பழங்கிரேக்கர் அவ்வாறு எழுதியுள்ளனர். மறதியால் நேர வெட்டிய அச்சும் அதே தோற்றத்தையே தரும். இரண்டு காரணங்கள் ஒரே விளைவைத் தருமிடத்தில், அவ்விளைவை எத்தனை முறை உற்று நோக்கினும் காரணம் தெளியாது. அவ்வச்சில் அடித்த காசுகள் இன்னும் நூறு கிடைத்தாலும் பயனில்லை. அச்சின் பிழை நூறிலும் ஒன்றுபோலவே இருக்கும். தேவைப்படுவது வேறு அச்சு, வேறு ஊர், வேறு கை. அதாவது தொடர்பற்ற இரண்டாம் சாட்சி.

1928–29இல் கர்னூல் மாவட்டத்து எர்ரகுடியில் அசோகன் சாசனம் ஒன்று கண்டறியப்பட்டபோது, அதன் சில வரிகள் வலமிருந்து இடமாகச் செல்வது தெரியவந்தது. இரண்டாம் சாட்சி வந்துவிட்டது என்று கருத அஃது இடமளித்தது. ஆயினும் அதே சாசனத்தின் பிற வரிகள் இடமிருந்து வலமாகவே செல்கின்றன. ஏனைய அசோகன் பிராமிச் சாசனங்களின் பெருவழக்கும் அதுவே. ஆகவே அதனை ஓர் எழுத்தரின் தனிமுயற்சியாகவே அறிஞர் பலரும் கொள்கின்றனர். பிராமியின் தோற்றம் பற்றிய விவாதம் இன்றும் முற்றிலும் ஓயவில்லை. ஆனால் அவ்விவாதத்தில் ஏரண் காசு தனித்து நின்று சாட்சி சொல்லும் தகுதியை இழந்துவிட்டது.

ஏடும் காசும்

இந்நெறி இலக்கியம் பயில்வோர்க்குப் புதிதன்று. ஏட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது புலவன் கொண்ட பாடமா, ஏடெழுதியவன் கைப்பிழையா என்ற கேள்வி எழும். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஒரே பிரதியை நம்பிப் பாடம் துணியாமல் கிடைத்த பிரதிகளை ஒப்பிட்டார். ஒரு மூலத்திலிருந்து பெயர்த்தெழுதிய பத்து ஏடுகள் ஒரே பிழையைக் காட்டினாலும் அவை பத்துச் சாட்சிகளாகா. ஒரே அச்சில் அடித்த பத்துக் காசுகளின் நிலையே அவற்றுக்கும். வேறு வழியில் வந்த ஓர் ஏடு அப்பத்தினும் வலியது.

அறச்சலூர்க் கல்வெட்டு இதற்கு ஓர் அழகிய மறுதலை. தேவன் சாத்தன் அமைத்த இசையெழுத்துகள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசையில் நிற்கின்றன. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்து இறங்கினாலும் கீழிருந்து ஏறினாலும் ஒரே ஒழுங்கு கிடைக்கும்படி அவை கோக்கப்பட்டுள்ளன. ஒரு வரிசை மட்டும் அவ்வாறு அமைந்திருந்தால் தற்செயல் என்று கூற இடமிருக்கும். வரிசைக்கு வரிசை அவ்வொழுங்கு திரும்ப வருவதால் அங்கே ஐயத்திற்கு இடமில்லை. கருத்து தன்னைத் தானே பலமுறை உறுதிப்படுத்திக்கொள்ளும். தற்செயலுக்கு அவ்வாற்றல் இல்லை.

பிழைக்காசுகளைத் தேடிச் சேர்ப்போர் இந்நாளில் பெருகியுள்ளனர். பிழைக்கு விலை உண்டானபோது பிழையைச் செய்வோரும் தோன்றிவிட்டனர். வெள்ளலூரிலும் பூதிநத்தத்திலும் கிடைத்தவற்றை இன்று ஆராய முடிவது, அவை குவியலாகக் கிடைத்து, இடமும் எண்ணிக்கையும் பதிவானதால்தான். மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதனையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதிக்கிறது. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காசு எங்கே, எத்தனை அடி ஆழத்தில், வேறு எவற்றோடு கிடைத்தது என்னும் குறிப்பு, காசின் உலோகத்தினும் அருமையானது. ஐயத்திற்குரிய காசுக்கு இரண்டாம் சாட்சியாக நிற்கக்கூடியது பெரும்பாலும் அதுவே.

ஏர்முனையில் தட்டுப்பட்ட காசை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் புளியிட்டுத் தேய்த்து விளக்குவது ஊர்ப்புறங்களில் கண்ட வழக்கம். அத்தேய்ப்பில் பச்சைக் களிம்பு போகும். அதனோடு அச்சின் மெல்லிய கீறலும், முதலடியின் மங்கிய சுவடும், வார்ப்பின் நுண்குழிகளும் போய்விடும். அதற்குப் பின் எந்த வண்ணக்கன் பார்த்தாலும் அக்காசின் பிழை அக்கசாலையில் பிறந்ததா, அடுப்பங்கரையில் பிறந்ததா என்று கூற இயலாது. மண்ணோடு கிடைத்த காசை மண்ணோடே காட்டுவது ஒன்றே, கொங்கு நாட்டு நிலம் இன்னும் தன்னுள் வைத்திருப்பவற்றுக்கு இக்காலத்தார் செய்யக்கூடிய முதல் உதவி.